ரோடு லேட்டு, அபராதம் மட்டும் கரெக்ட் டைமு

நாப்பத்தி மூணு நிமிஷம். நான் சும்மா அடிச்சு விடல, வண்டில இருந்த கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே தான் இருந்தேன், வேற பாக்க என்ன இருந்துச்சு? நேத்து ஞாயித்துக்கிழமை காலைல டோல்ல நின்ன நேரம் அது. எந்த டோலுன்னு கேக்காதீங்க, சொல்றதுல பிரயோஜனம் இல்ல, நீங்க நின்ன டோலும் அதே தான். அதே கட்டை, அதே குடை, அதே "சார் கொஞ்சம் பின்னாடி எடுங்க".

எங்கப்பா எடுப்பேன் பின்னாடி? பின்னாடி நாப்பதடி டிரெய்லர் நிக்குது. நான் வடசென்னை எர்ணாவூர்க்காரன். பள்ளிக்கூடம் போனது கண்டெய்னர் லாரி சந்துல, பொண்ணு பாக்கப் போனது கண்டெய்னர் லாரி சந்துல, பொண்டாட்டிக்கு வலி எடுத்தப்ப ஆஸ்பத்திரி போனதும் அதே சந்துல தான். லீவு நாள்ல ஊரைத் தாண்டுனாலாவது நிம்மதியா போலாம்னு பாத்தா கண்ணாடி முழுக்க அதே பம்பர், அதுல தொங்குற அதே கறுப்புக் குஞ்சம்.

மச்சினிக்கு வளைகாப்பு. ஏழரைல இருந்து எட்டரை நல்ல நேரம். வளையல் எங்க வண்டில. பாரிமுனைல மொத்த விலைக்கு அலைஞ்சு வாங்குன பத்து டஜன் கண்ணாடி வளையல், மேல புளியோதரை, எலுமிச்சை சாதம், தட்டு வரிசை, முன் சீட்டுல எங்கம்மா, மடில பூக்கூடை. அதாவது நாங்க போகாம அங்க ஒரு கை கூட குலுங்காது. அஞ்சே முக்காலுக்குக் கெளம்புனோம். யாராவது லேட்டுன்னு சொல்ல முடியுமா?

டோல் லேன்ல நுழையுறேன். கண்ணாடில ஒட்டுன பாஸ்டேக்குக்கு பீப் வரல. கட்டை தூக்கல. ஒரு அடி முன்னாடி போனேன், வரல. ஒரு அடி பின்னாடி, வரல. பூத்துல இருந்த பையன் இறங்கி வந்து கைல வெச்சிருந்த மெஷினை கண்ணாடில ஒட்டி, எடுத்து, தொடையில ரெண்டு தட்டு தட்டி, மறுபடி ஒட்டி, "பிளாக்லிஸ்ட் சார்"னான். ஏதோ எனக்கே அந்த வியாதி வந்த மாதிரி.

"பேலன்ஸ் 612 ரூபா இருக்குப்பா."

"பணம் இருக்கு சார். டேக் பிளாக்லிஸ்ட்."

பணம் இருக்காம், ஆனா எடுத்துக்க மாட்டாங்களாம். உலகத்துல வேற எந்தக் கடைலயாவது இப்படி உண்டா?

எனக்கு உடனே புரிஞ்சுடுச்சு. கேஒய்வி. கேஒய்சி முடிச்சு மூச்சு விடுறதுக்குள்ள வண்டிக்கு ஒரு கேஒய்வி கொண்டு வந்தாங்கல்ல, உங்க வாகனத்தை அறிந்து கொள்ளுங்கள்னு, நம்பர் பிளேட்டும் டேக்கும் ஒண்ணா தெரியிற மாதிரி போட்டோ புடிச்சு ஏத்தணும்னு. நான் ஏத்துனேன். மூணு தடவ. மூணு தடவயும் ரிஜெக்ட். ஏன்னு பாத்தா, முன்னாடி திருஷ்டிக்கு எங்கம்மா கட்டுன எலுமிச்சம்பழமும் மொளகாயும் நம்பர் பிளேட்டுல ரெண்டு எண்ணை மறைக்குது. கழட்டும்மான்னா அமாவாசை வரைக்கும் கழட்டக் கூடாதுங்குறாங்க. அமாவாசைக்கு முன்னாடி டேக்கைக் கழட்டிட்டான் இவன். சரி, இதுல என் தப்பு ஒரு அஞ்சு பர்சென்ட் இருக்கு, ஒத்துக்கறேன், இதுக்கு மேல ஒத்துக்க மாட்டேன்.

"எவ்ளோப்பா?"

"டேக் வேலை செஞ்சா 80 சார். யுபிஐன்னா 100. கேஷ்னா 160."

ஒரே ரோடு, ஒரே கார், ஒரே நான், மூணு விலை. 2025 நவம்பர் 15-ல வந்த ரூல் அது, டேக் வேலை செய்யலேன்னா யுபிஐக்கு ஒண்ணே கால் மடங்கு, ரொக்கத்துக்கு ரெண்டு மடங்கு. நோட்டை நீட்டுறவன் என்னமோ திருட்டுப் பணம் குடுக்குற மாதிரி அபராதம். சரி தொலையுதுன்னு 100 ரூபாய்க்கு ஸ்கேன் பண்றேன். சுத்துது. சுத்துது. என் அக்கவுண்ட்ல இருந்து போயிடுச்சு, மெசேஜ் வந்துடுச்சு, அவன் மெஷின்ல வரல. "சர்வர் ஸ்லோ சார்." எடுக்கும்போது ஸ்லோ இல்ல, எடுத்தேன்னு ஒத்துக்கும்போது ஸ்லோ. நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குப் போன் பண்ணேன், மொழிக்கு ஒரு நம்பர், குறைக்கு ஒரு நம்பர், அப்புறம் பாட்டு. நல்ல பாட்டு கூட இல்ல.

பின்னாடி ஹார்ன் ஆரம்பிச்சுது.

இந்த நேரத்துல சகலை போன் பண்றான். அவன் ஆறரைக்கே மண்டபத்துல காபி குடிச்சுட்டு உக்காந்திருக்கான், எங்க இருக்கீங்கன்னு கேக்குறதுக்கு முன்னாடி சட்டம் பேசுறான். "ஏங்க, மஞ்சக் கோடு ரூல் தெரியாதா உங்களுக்கு, நூறு மீட்டருக்கு மேல கியூ நின்னா காசு இல்லாம விடணும், இருங்க பார்வர்டு பண்றேன்." பண்ணான். நானும் அந்த பார்வர்டை நம்பி நெஞ்சை நிமித்திக்கிட்டு இறங்கி, கியூ எங்க நிக்குது பாத்தியா, மஞ்சக் கோடு எங்க, பத்து செகண்டுக்கு மேல ஒரு வண்டி நிக்கக் கூடாது தெரியுமான்னு பூத்துப் பையன்கிட்ட கத்துறேன். அவன் பாவமா பாத்தான். "சார், அது 2021-ல வந்த ஆர்டர். 2024-லயே வாபஸ் வாங்கிட்டாங்க சார்."

ஆக, ஜனங்களுக்கு நல்லதா ஒரு ரூல் போட்டாங்க, மூணு வருஷத்துல அதை மட்டும் கரெக்டா எடுத்துட்டாங்க. எடுத்தது யாருக்காவது தெரியுமா? சகலைக்கே தெரியல, அவனுக்குத் தெரியாத பார்வர்டே கிடையாது.

மறுபடி வண்டில ஏறி உக்காந்தேன். எதிர்ல ஒரு பலகை. யார் யாருக்கு டோல் கிடையாதுன்னு பெரிய லிஸ்ட்டு. ஜனாதிபதில ஆரம்பிக்குது. ரெண்டு தடவ முழுசா படிச்சேன், எங்கயாவது வளைகாப்புக்கு வளையல் எடுத்துட்டுப் போறவர்னு இருக்கான்னு. இந்த லிஸ்ட்டைச் சாதாரணமா நினைக்காதீங்க. 2019 ஆகஸ்ட்ல இருந்து 2020 ஜூன் வரைக்கும் பரனூர் டோல்ல போன வண்டில 53 பர்சென்ட் விலக்கு பெற்ற விஐபி வண்டின்னு கணக்கு காட்டியிருக்காங்கன்னு அரசுக் கணக்கைத் தணிக்கை பண்ற சிஏஜி சொல்லுச்சே, ஞாபகம் இருக்கா? பாதிக்கு மேல! செங்கல்பட்டு பக்கம் அவ்ளோ ஜனாதிபதி. அங்க யாருக்கும் மெஷினை தொடையில தட்டத் தோணல.

பக்கத்து லேன்ல ஒரு அரசு பஸ் ஜம்முனு போச்சு. உடனே எனக்கு அடுத்த கடுப்பு. 2025 ஜூலைல தெக்க மதுரை கன்னியாகுமரி ரோட்டு டோல்கள்ல போக்குவரத்துக் கழகம் 276 கோடி பாக்கின்னு கேஸாகி, பஸ்ஸை விடாதேன்னு ஹைகோர்ட்டே சொல்லி, அப்புறம் அதை நிறுத்தி வெச்சாங்க. 276 கோடி பாக்கிக்கு வாய்தா உண்டு, பேச்சுவார்த்தை உண்டு. எனக்கு 80 ரூபாய்க்கு, அதுவும் கையில பணத்தை வெச்சுக்கிட்டு, கட்டையை மூக்கு முன்னாடி வெச்சிருக்கான்.

ஏழே கால். டிரெய்லர் டிரைவர் இறங்கி வந்துட்டாரு. அடிக்கத்தான் வர்றாருன்னு கண்ணாடியை ஏத்துனேன், அவரு குனிஞ்சு, "இன்னா சார், பிளாக்லிஸ்டா? நம்மளுக்கு மாசத்துக்கு ஒரு வாட்டி வரும் சார், டென்சன் ஆவாத"ன்னு சொல்லிட்டு ஒரு பீடியைப் பத்த வெச்சாரு. எந்த ஊருண்ணேன்னு கேட்டா காசிமேடு. அப்புறம் என்ன, நம்மாளு. எங்கம்மா உடனே பின்னாடி கை விட்டு ஒரு பேப்பர் தட்டுல புளியோதரை வெச்சுக் குடுத்துட்டாங்க. சபைக்குப் போக வேண்டிய சாதம், மொத பந்தி டோல்ல.

அவரு சாப்டுக்கிட்டே சொன்னாரு, "இந்தப் பாலம் வந்துரும், ஆர்பர்ல இருந்து மதுரவாயல் இருபது நிமிசம்னு சொல்லித்தான் சார் என் மாமனாரு பொண்ணக் குடுத்தாரு. பையன் இப்போ காலேஜ் சேர்ந்துட்டான்."

இதைக் கேட்டதும் சிரிப்பும் வந்துச்சு, வயிறும் எரிஞ்சுது. துறைமுகம் மதுரவாயல் பறக்கும் சாலை. 2009 ஜனவரில மன்மோகன் சிங் வந்து அடிக்கல் நாட்டுனாரு, 1,815 கோடின்னாங்க. கூவத்துல தூண் எழும்புச்சு. 2012-ல ஆத்து ஓட்டத்தை மறிக்குது, சொன்ன இடம் வேற கட்டுற இடம் வேறன்னு மாநில அரசு நிறுத்துச்சு. டெல்லி ஒண்ணு சொல்ல, கோட்டை ஒண்ணு சொல்ல, கேஸு, 2014-ல அந்தத் தடை செல்லாதுன்னு ஹைகோர்ட் சொல்லுச்சு, அப்பீலு, அந்தக் கட்சி இந்தக் கட்சியைச் சொல்ல, இந்தக் கட்சி அந்தக் கட்சியைச் சொல்ல, தூண் மட்டும் யாரையும் ஒண்ணும் சொல்லாம தண்ணில நின்னுச்சு. காக்கா உக்காந்துச்சு. போஸ்டர் ஒட்டுனாங்க. 2022 மே மாசம் மோடி வந்து மறுபடி அடிக்கல். இந்தத் தடவ ரெண்டு அடுக்கு, 5,850 கோடிக்கு மேல. ஒரே பாலத்துக்கு ரெண்டு பிரதமர், ரெண்டு அடிக்கல், ரெண்டு அடுக்கு, மூணு மடங்கு பணம். அந்தப் பக்கம் போற ஆளுங்க சொல்லுங்க, எத்தன தடவ தான் அந்த மொட்டைத் தூணை எண்ணுறது?

இதுல யாருக்காவது யாராவது பிளாக்லிஸ்ட் போட்டாங்களா? பதிமூணு வருஷம் தள்ளிப் போச்சே, ஒருத்தர் கையெழுத்துக்காவது அபராதம் உண்டா? நான் ஒரு போட்டோவை லேட்டா ஏத்துனா எனக்கு ஒண்ணே கால் மடங்கு கட்டணம். அவங்க ஒரு பாலத்தையே லேட்டா கட்டுனா அவங்களுக்கு மூணு மடங்கு பட்ஜெட். லேட்டுக்கு ரெண்டு பக்கமும் பில்லு வருது, ரெண்டையும் கட்டுறது நான் தான். பெட்ரோல்ல ஒரு தடவ, டோல்ல ஒரு தடவ, அந்த ரோடு வராததால கண்டெய்னர் பின்னாடி ஃபர்ஸ்ட் கியர்ல உருண்டு கிளட்ச் பிளேட் போகுதே, அதுல ஒரு தடவ. கிளட்ச் பிளேட்டுக்கு எந்த 1033-ல கேக்குறது?

எங்கம்மா இதையெல்லாம் கேட்டுட்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டாங்க. "டேய், சொந்த வீடு வேணும்னா ஆறு செவ்வாக்கெழம சிறுவாபுரி போனா முருகன் குடுத்துடறான். ரோடு வேணும்னா எந்தக் கோயில்டா?"

டிரைவர் கையைக் கழுவிக்கிட்டே, "அந்த சாமிய பாக்கப் போற வழிலயும் டோல் வெச்சுக்கீறான்மா"ன்னாரு.

கோர்ட்டு தான் சாமின்னு நினைக்கறேன். 2020 டிசம்பர்ல மதுரவாயல் வாலாஜா ரோடு குண்டும் குழியுமா கிடக்குன்னு, சரி பண்ற வரைக்கும் பாதி டோல் தான் வாங்கணும்னு ஹைகோர்ட் சொல்லலையா? 2025 ஆகஸ்ட்ல கேரளா பாலியேக்கரை டோல் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே கேட்டுச்சு, பன்னண்டு மணி நேரம் டிராபிக்ல நிக்கிறவன் எதுக்கு 150 ரூபா கட்டணும்னு. எனக்கு அந்த பெஞ்சைப் பாத்து ஒரு புளியோதரைப் பொட்டலம் குடுக்கணும் போல இருந்துச்சு.

7.38-க்கு அவன் மெஷின்ல பணம் வந்துடுச்சு. கட்டை தூக்குச்சு. பையன் ரசீதை நீட்டிட்டு, "சாரி அண்ணா, சர்வர்"னான். சாருல இருந்து அண்ணாவுக்கு இறங்கிட்டான். கோவம் பூரா ஓடிடுச்சு. நைட் ஷிப்டு போல, கண்ணு சிவந்து கிடந்துச்சு. நீ தினமும் எப்படிப்பா வேலைக்கு வரேன்னு கேட்டேன். "பைக்குண்ணா. பைக்குக்கு டோல் இல்ல."

மண்டபத்துக்குப் போறப்போ மணி எட்டே முக்கால். நல்ல நேரம் போயிடுச்சு, அடுத்தது சாயந்திரம் தான், ஆனா பெரியவங்க ஏதோ ஓரை கீரை பாத்து ஒன்பதே காலுக்கு வளையல் போட்டாங்க. போற வர்ற ஒவ்வொருத்தருக்கும் எங்க லேட்டைச் சகலை தான் விளக்குறான், மஞ்சக் கோடு ரூல் தெரியாதவங்கன்னு.

இத்தோட முடிஞ்சுதுன்னு நினைச்சீங்களா? இன்னிக்குக் காலைல எழுந்து போனைப் பாக்குறேன், ராத்திரி 2.17-க்கு அதே டோல்ல 80 ரூபா புடிச்சிருக்கு. பிளாக்லிஸ்ட் ஆன டேக்ல! நேத்து பகல்ல நான் வண்டில உக்காந்துக்கிட்டு கெஞ்சுனப்ப வேலை செய்யாத டேக்கு, ராத்திரி நான் தூங்கும்போது தானா எழுந்து வேலைக்குப் போயிருக்கு. என் பொண்டாட்டி, "ஏங்க, நம்ம இல்லாம வண்டி யாரைக் கூட்டிட்டுப் போச்சு?"ங்கறா.

கஸ்டமர் கேருக்குப் பண்ணேன். வண்டி அங்க போகலைங்கறதுக்கு ஆதாரம் அனுப்புங்கன்னாங்க. போகாததுக்கு என்னங்க ஆதாரம்? கீழ இறங்கிப் போய் பாத்தேன். வண்டி கவர் மேல ராத்திரி விழுந்த சாம்பல் ஒரு படலம், கை படாம, அப்படியே, நடுவுல ஒரு பூனை நடந்துட்டுப் போன கால் தடம் மட்டும். அதையே போட்டோ புடிச்சு அனுப்பிட்டேன். கலையாத சாம்பல் தான் சார் ஆதாரம், எங்க ஏரியால வேற சாட்சி கிடையாதுன்னு.

அனுப்பிட்டு நிமிர்ந்து மாடியைப் பாக்குறேன், வளைகாப்புக்குக் கட்டுன வெள்ளை வேட்டியை ராத்திரியே தொவைச்சுக் காயப் போட்டுட்டா இவ. எத்தன தடவ சொல்லியிருக்கேன், அனல் மின் நிலையத்துப் பக்கம் குடியிருந்துக்கிட்டு எவனாவது வெள்ளைத் துணியை ராத்திரில வெளிய போடுவானா? வேட்டி இப்போ சிமெண்ட் கலர்.