‘எதுக்கும் இருக்கட்டும்’ குரூப்

போன மாதம் அக்கா மகளுக்குப் பிளஸ் ஒன் அட்மிஷன். துணைக்கு நானும் போயிருந்தேன். பத்தாம் வகுப்பில் 500-க்கு 451. மார்க் ஷீட்டைப் பார்த்த மாத்திரத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் விண்ணப்பத்தின் மூலையில் பென்சிலால் ‘பயோ மேத்ஸ்’ என்று எழுதிவிட்டார். கணிதம், இயற்பியல், வேதியியலோடு உயிரியலும் சேர்ந்த குரூப்.

“சார், நான் காமர்ஸ் எடுக்கலாம்னு...” என்று பிள்ளை இழுத்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்து, “இவ்வளவு மார்க்கை வெச்சுக்கிட்டு காமர்ஸாம்மா?” என்றார்.

எங்களுக்கு முன்னால் நின்ற பையன் 318. கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டான். அவன் அப்பா கையில் டிபன் பாக்ஸோடு, வேலைக்குப் போகிற வழியில் வந்தவர் மாதிரி நின்றார். “கணக்குல 52 தானே, காமர்ஸ் போட்டுக்கோ” என்று இரண்டு நிமிஷத்தில் முடித்து அனுப்பிவிட்டார்கள். காமர்ஸ் கேட்டவளுக்கு இல்லை, கேட்காதவனுக்கு உண்டு. இருவரிடமும் “ஏன்?” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அக்கா சொன்னது: “பயோ மேத்ஸே எடுக்கட்டும்டா. டாக்டருக்கும் போகலாம், இன்ஜினியரிங்கும் போகலாம். எதுக்கும் இருக்கட்டும்.”

இந்த ‘எதுக்கும் இருக்கட்டும்’ பற்றித்தான் இந்தப் பதிவு.

தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் சேர்க்கைக்கு வரிசை போடும் கட்-ஆஃப் மொத்தம் 200. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. உயிரியலில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அந்த 200-இல் ஒரு புள்ளிகூட ஏறாது. மருத்துவத்துக்கு 2017-இலிருந்து நீட். அதில் கணிதம் கிடையாது. பிளஸ் டூ மார்க்கும் ரேங்க்கில் சேராது, தகுதிக்கான சதவீதம் இருந்தால் போதும். ஆக, பயோ மேத்ஸ் பிள்ளை எந்தப் பக்கம் போனாலும் ஒரு பாடத்தை இரண்டு வருஷம் சும்மா சுமந்திருக்கிறது என்று அர்த்தம்.

சுமை என்றால் உண்மையிலேயே சுமை. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் இரண்டிரண்டு தொகுதி. உயிரியல் என்று ஒரு பாடமாகச் சொல்கிறோமே தவிர, தாவரவியல் தனிப் புத்தகம், விலங்கியல் தனிப் புத்தகம், தனித்தனி ரெக்கார்ட் நோட்டு, தனித்தனி ஆசிரியர். அதோடு நீட் கோச்சிங் என்றால் ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளை உட்கார்ந்து பூவின் குறுக்குவெட்டுக்கு லேபிள் எழுதிக்கொண்டிருக்கும், பக்கத்தில் இன்டக்ரேஷன் கணக்கு பாதியில் கிடக்கும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. அந்தப் பாடத்தின் மார்க்கும் இன்ஜினியரிங் கட்-ஆஃபில் வராது. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர, பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருக்க வேண்டும் என்றும் இல்லை. “ஐடி போகணும், அதனால இந்த குரூப்” என்று சொல்லும் வீடுகளில் இது எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. உயிரியலை விட இலகுவாக இருக்கும், கணிதத்துக்கு நேரம் மிஞ்சும் என்று எடுத்தால் அது நல்ல காரணம்.

நானும் ‘எதுக்கும் இருக்கட்டும்’ ஆள்தான். 1999-இல் முதல் குரூப், அதாவது இதே பயோ மேத்ஸ். அப்போது பிளஸ் டூ மொத்தம் 1200, நுழைவுத் தேர்வு வேறு. இரண்டையும் சேர்த்துக் கட்-ஆஃப் 300. உயிரியல் எனக்குச் சுத்தமாக வரவில்லை. அதோடு போராடிய நேரத்தில் கணிதத்தையும் கோட்டை விட்டேன். மருத்துவமும் இல்லை, இன்ஜினியரிங்கும் இல்லை. கிடைத்த பி.எஸ்சி. இயற்பியலை முடித்துவிட்டு, ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பில் அடுக்கும் வேலைக்குப் போனேன். டெபிட், கிரெடிட் எனக்குத் தெரிந்தது 22 வயதில். கூடவே சேர்ந்த காமர்ஸ் பையன் ஒரே மாசத்தில் டிரையல் பேலன்ஸ் போட்டான். நான் லெட்ஜரைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தேன்.

சரி, அக்கா சொல்வதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. இந்தக் கதவுகள் ஒரு பக்கமாகத்தான் திறக்கும். சயின்ஸ் படித்துவிட்டு சட்டம், சி.ஏ., பி.ஏ. என்று போகலாம், பல கல்லூரிகளில் பி.காமுக்கும் போகலாம். காமர்ஸ் படித்துவிட்டு பி.எஸ்சி. நர்சிங்கோ கால்நடை மருத்துவமோ கேட்டால் கிடைக்காது. பைலட் ஆக வேண்டும் என்று பிறகு ஆசை வந்தால், இயற்பியலையும் கணிதத்தையும் திறந்தநிலைப் பள்ளியில் தனியாக எழுதிவிட்டு வர வேண்டும். அதனால்தான் பெற்றோர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் பி.காமுக்கும் மார்க் வரிசைதான். பிடிக்காத குரூப்பில் 600-க்கு 380 எடுத்துவிட்டு வரும் பிள்ளை, பிடித்துப் படித்து 570 எடுத்த காமர்ஸ் பிள்ளைக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். கதவு திறந்துதான் இருக்கும், உள்ளே இடம் இருக்காது. இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

உயிரியலும் கணிதமும் இரண்டுமே பிடித்த பிள்ளைகள் உண்டு. அவர்கள் தாராளமாக எடுக்கட்டும். டாக்டர் கனவு மட்டும்தான் என்றால், கணிதம் இல்லாத ‘பியூர் சயின்ஸ்’ குரூப் போதும். அதில் நீட் கை கொடுக்காவிட்டாலும், கால்நடை மருத்துவத்தில் மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மார்க்தான்: உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. “பியூர் சயின்ஸா, அது கணக்கு வராதவங்க எடுக்கறது” என்று ஒரு வசனம் உண்டு. அதைக் காதில் வாங்க வேண்டாம்.

காமர்ஸ் எடுப்பவர்களுக்கும் ஒன்று. கணக்கிலிருந்து தப்பிக்கத்தான் காமர்ஸ் என்றால், சி.ஏ.வின் முதல் படியான பவுண்டேஷன் தேர்வில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் காத்துக்கொண்டிருக்கும். முடிந்தால் வணிகக் கணிதம் இருக்கும் குரூப்பைத் தேடுங்கள். எல்லாப் பள்ளியிலும் இருக்காது, கேட்டுப் பார்க்க வேண்டும்.

அப்புறம், பள்ளியில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி வேறு: பிளஸ் ஒன் பாடத்தை முழுசாக நடத்துவீர்களா? பிளஸ் ஒன் புத்தகத்தை ஓரம் கட்டிவிட்டு முதல் வருஷமே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்த பள்ளிகள் இருந்ததால்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு பாரம் குறைந்தது, சந்தோஷம். ஆனால் பழைய வேலை மறுபடி ஆரம்பிக்குமோ என்று எனக்கு சந்தேகம். நீட்டில் ஏறக்குறைய பாதி பிளஸ் ஒன் பாடம். இன்ஜினியரிங் போகிற பிள்ளைக்கும் பிளஸ் ஒன் பாடம் விட்டுப்போனது முதல் செமஸ்டர் கணிதத்தில் தெரியும்.

அக்கா மகள் இப்போது பயோ மேத்ஸில்தான் உட்கார்ந்திருக்கிறாள். குரூப் மாற்ற வேண்டுமென்றால் இந்த மாசக் கடைசிக்குள் எழுதிக் கொடுங்கள் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். மச்சான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. நேற்று ராத்திரி போன் செய்தாள். யாரோ தோழியின் கணக்குப்பதிவியல் புத்தகத்தை வாங்கி வந்திருக்கிறாள் போல.

“மாமா, டெபிட்னா இடது பக்கம், அவ்வளவுதானே?”

“இப்போதைக்கு அவ்வளவுதான்” என்றேன்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அக்கா பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும், குக்கர் சத்தம் கேட்டது. ஒன்றும் சொல்லவில்லை.