எந்த வியாழக்கிழமை?
கிறிஸ்துமஸ் கடைக்காரர்களின் பண்டிகை, நவம்பரில் ஒரு வியாழக்கிழமை அமெரிக்கர்கள் கொண்டாடும் நன்றி சொல்லும் நாளான தேங்க்ஸ்கிவிங் மட்டும் வியாபாரம் தொடாத குடும்ப விருந்து என்று ஒரு கட்டுரை சொல்வது பாதிதான் சரி. பரிசு வாங்கும் தொல்லை இல்லை, வான்கோழி போதும், உண்மைதான். ஆனால் அது எந்த வியாழக்கிழமை என்பதிலேயே கடைகள் தலையிட்டிருக்கின்றன. 1939இல், வழக்கமான நாளான நவம்பரின் கடைசி வியாழன் 30ஆம் தேதி வந்தது. இந்த விருந்து முடிந்த பிறகுதான் கிறிஸ்துமஸ் விற்பனை சூடுபிடிக்கும்; அதற்கு நாள் போதாது என்று வியாபாரிகள் முறையிட, அதிபர் ரூஸ்வெல்ட் 23ஆம் தேதிக்கு மாற்றினார். பல மாநிலங்கள் கேட்கவில்லை. டெக்சாஸ் இரண்டு நாளும் கொண்டாடியது. மாநிலத்துக்கு ஒரு தேதி என்றால் குடும்பம் எப்படி ஒன்றுசேரும்? நான்காவது வியாழன் என்று 1941இல் சட்டம் வந்த பிறகுதான் குழப்பம் பெரும்பாலும் ஓய்ந்தது. அப்புறம் பிளாக் ஃப்ரைடே என்று மறுநாள் வெள்ளிக்கிழமைத் தள்ளுபடி விற்பனை வேறு. நான் போன ஒரு விருந்தில் இனிப்பு வருவதற்குள் பாதிப் பேர் தள்ளுபடி விளம்பரங்களை விரித்துவிட்டார்கள்.