துக்கத்தில் ஒரு புள்ளடி

(மட்டக்களப்பு, வெல்லாவெளிப் பக்கத்தில் ஒரு திண்ணை. அம்மா பன்பாய் இழைத்துக்கொண்டிருக்கிறார். முகப் படங்களும் படிவமுமாக வந்த உத்தியோகத்தருக்குக் கதிரை கிடைத்திருக்கிறது; தேநீர் கிடைக்கவில்லை.)

அம்மா: இந்தப் படங்களில் உள்ள ஒருவரையும் நான் கண்டதில்லை, தம்பி. காணாமற்போனவர்களா?

உத்தியோகத்தர்: இல்லை, அம்மா. மகிழ்ச்சி, துக்கம், கோபம், பயம், அருவருப்பு, வியப்பு என்னும் ஆறு உணர்ச்சிகளின் முகங்கள். இன்றைக்கு உங்களுடைய முகம் எது என்று காட்டினால் புள்ளடி போட்டுவிடுவேன்.

அம்மா: எனக்குத் தெரிந்த ஆறுமுகம் மண்டூர் முருகன் கோயிலில் இருக்கிறார். அவரே திரைச்சீலைக்குப் பின்னாலிருந்துதான் பூசை வாங்கிக்கொள்கிறார்.

உத்தியோகத்தர்: உணர்ச்சியை வெளிக்காட்ட வேண்டும், அம்மா. பயந்ததால் நாம் ஓடுவதில்லை, ஓடுவதால்தான் பயப்படுகிறோம் என்று வில்லியம் ஜேம்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1884இலேயே எழுதியிருக்கிறார்.

அம்மா: அவரை ஒருநாள் பொழுதுபட எங்கள் வயற்பக்கம் வரச்சொல்லுங்கள். யானை வரும்போது எது முந்துகிறது என்று பார்த்துச் சொல்லட்டும்.

உத்தியோகத்தர்: அவர் 1910இல் காலமாகிவிட்டார்.

அம்மா: யானை அடித்தா?

உத்தியோகத்தர்: இதய நோயால்.

அம்மா: அப்படியானால் ஓடித்தான் இருக்கிறார்.

உத்தியோகத்தர்: படத்துக்கு வாருங்கள். பால் எக்மன் என்னும் உளவியலாளர் 1960களில் பப்புவா நியூகினி மலைநாட்டுக்குப் போய், பிள்ளை இறந்தது போன்ற சிறுகதைகளைச் சொல்லிப் பொருத்தமான முகத்தைக் காட்டச் சொன்னபோது, எழுத்தறியாத அந்த மக்களும் பெரும்பாலும் சரியாகவே காட்டினார்கள். பயத்தையும் வியப்பையும் பிரிப்பதில்தான் இடர்ப்பட்டார்கள்.

அம்மா: யானையைக் கண்டால் இரண்டும் ஒன்றுதானே.

உத்தியோகத்தர்: அங்கே யானையே கிடையாது, அம்மா!

அம்மா: பிள்ளை செத்த கதையைச் சொல்லிப் படத்தைக் காட்டச் சொன்னவரை ஒன்றும் செய்யாமல் அனுப்பியிருக்கிறார்கள். நல்ல சனங்கள்.

உத்தியோகத்தர்: முகத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் ‘பாதிப்பில்லை’ என்ற கட்டத்தில்தான் புள்ளடி விழும்.

அம்மா: விழுந்திருக்கிறது. 2007இல் போரால் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது உங்களைப்போல் ஒருவர் வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கட்டத்தை நிரப்பிக்கொண்டு போனார். பக்கத்துக் கூடாரத்துக்காரி அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதுமே அழத் தொடங்குவாள். அவளுக்குத் தையல் இயந்திரம் கிடைத்தது. அவளுக்குத் தைக்கத் தெரியாது என்பது வேறு விடயம்.

உத்தியோகத்தர்: அதற்கு நான் என்ன செய்வது? இன்றைக்குள் இருபது படிவம் நிரப்பாவிட்டால் எனக்குப் பெற்றோல் காசு தரமாட்டார்கள்.

அம்மா: இதை வந்தவுடனேயே சொல்லியிருக்கலாமே. துக்கத்தில் போடுங்கள்.

உத்தியோகத்தர்: நன்றி, அம்மா. அடுத்த கேள்வி: இந்தத் துக்கம் உங்களுக்கு எப்போதிலிருந்து இருக்கிறது?

அம்மா: நீங்கள் கதிரையில் இருந்ததிலிருந்து.