ஒரு ஜனவரியைத் தவறவிடுங்கள்

ஐப்பசி மழை பிடித்ததும் என் உள்பெட்டிக்கு ஒரு கேள்வி தவறாமல் வந்து சேரும். "அக்கா, நாவலை முடித்துவிட்டேன். ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குள் கொண்டுவந்துவிட முடியுமா? எந்தப் பதிப்பகத்தைக் கேட்கலாம்?" இந்த ஆண்டு மூன்று பேர். ஒருவர் போரூர், ஒருவர் பெரம்பூர். மூன்றாமவர் ஊர் பெயர் சொல்லவில்லை. வணக்கம் சொல்வதற்கு முன்பே 412 பக்கக் கோப்பை அனுப்பிவிட்டார்.

மூவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்றும் ஒரே பதிலாக இருந்ததால் இங்கேயே போட்டுவிடுகிறேன். கொண்டுவராதீர்கள். இந்த ஜனவரியைத் தவறவிடுங்கள்.

சொல்வதற்கு நான் யார் என்று கேட்பவர்களுக்கு: மாம்பலத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். ஒரே ஒரு நாவல் வெளிவந்திருக்கிறது. அதைப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், எண்ணியும் இருக்கிறேன். ஊரார் வரவுசெலவைப் பைசா பிசகாமல் பார்க்கிற நான் என் புத்தகக் கணக்கில் கோட்டை விட்ட கதை இது. அதில் பணம் போனது சின்ன நட்டம். பெரிய நட்டம் வேறு.

பல்லாவரத்துப் பக்கம் நாகல்கேணியில் தோல் பதனிடும் ஷெட்டுகளில் வேலை பார்த்த பெண்களைப் பற்றிய நாவல். நான்கு ஆண்டுகள், விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து, பால்காரர் வரும்வரை எழுதியது. ஓர் அக்டோபரில் முடித்து ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். இரண்டே நாளில் பதிப்பாளரிடமிருந்து அழைப்பு. இவ்வளவு பெரிய நாவலை இரண்டு நாளில் படித்துவிட்டார்களே என்று பூரித்துப்போனேன். "உங்கள் கதாநாயகி கல்யாணி மனதில் நிற்கிறாள் அம்மா" என்றார் அவர். என் நாவலில் கல்யாணி என்று யாருமே கிடையாது. கௌரியைத்தான் சொல்கிறார், வாய் தவறிவிட்டது என்று நானே அவருக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அச்சில் பெயரைப் பார்க்கும் ஆசை வந்துவிட்டால் காது சரியாகக் கேட்காது.

300 பிரதிக்கு 60,000 ரூபாய் என்றார். "முதல் நூல், சந்தை தெரியாது, பகிர்ந்துகொள்வோம்." கையில் சீட்டு எடுத்த பணம் இருந்தது, கொடுத்துவிட்டேன். ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண்ணுக்குத் தனியாக 3,000. இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள தேசிய முகமை இலவசமாகத் தருகிறது, எழுதுகிறவரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம் என்பது எனக்குத் தெரிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

புத்தகம் 304 பக்கம். அச்சகக் கணக்கில் 16 பக்கம் ஒரு ஃபாரம், ஆக 19 ஃபாரம். பின்னால் ராயப்பேட்டையில் அச்சகம் வைத்திருப்பவரிடம் அதே அளவு, அதே தாள், அதே 300 பிரதிக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் எழுதிக்கொடுத்த தொகை நான் கொடுத்ததில் பாதியைச் சற்றுத்தான் தாண்டியது. ஆக, அவர்கள் 'பகிர்ந்துகொண்டது' எதை என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. விலை 350 ரூபாய், ராயல்டி 10 விழுக்காடு என்று வாய்வார்த்தை. அத்தனை பிரதியும் விற்றால்கூட என் கைக்கு வரக்கூடியது 10,500. அறுபதைப் போட்டுப் பத்தை எடுக்கும் இந்த வியாபாரத்தை ஒரு வாடிக்கையாளர் செய்திருந்தால் மேசையைத் தட்டித் திட்டியிருப்பேன்.

அச்சுக்குப் போவதற்கு முன் மெய்ப்பு பார்க்க, அதாவது பிழை திருத்த, எனக்குக் கிடைத்தது ஒன்றரை நாள். டிசம்பர் கடைசி, அச்சகங்களில் இரவுபகல் ஓட்டம், இப்போது விட்டால் ஜனவரி போய்விடும். நான் தட்டச்சு செய்தது யூனிகோடு. அவர்கள் பக்கம் அமைத்தது பழைய எழுத்துரு ஒன்றில். மாற்றியபோது கொம்பும் காலும் போட்ட எழுத்துகள் வரிக் கடைசியில் பிளந்துகொண்டன. என்னுடையது தோல் ஷெட் நாவல். பக்கத்துக்குப் பத்து இடத்தில் 'தோல்' வரும். 61ஆம் பக்கத்தில் ஒரு வரி 'தே' என்று முடிகிறது. அடுத்த வரியின் தலையில் ஒற்றைக் காலும் 'ல்' எழுத்தும் அநாதையாக நிற்கின்றன. இப்படி 27 இடம். வெளியீட்டு நாளன்று, அரங்குக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முதல் பிரதியைப் புரட்டியபோதுதான் பார்த்தேன். அதற்குள் வெளியே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த மாலை அதே இடத்தில் எனக்கு முன்னால் ஒரு கவிதைத் தொகுப்பு, பின்னால் ஒரு சிறுதானியச் சமையல். நான்கு பேர் நின்று புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம். 61ஆம் பக்கத்தில் விரலை வைத்தபடியே சிரித்தேன். படம் இன்னும் என்னுடைய இந்த இணையப் பக்கத்தில்தான் இருக்கிறது, தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் கணக்குக் கேட்டேன். "நூலக ஆணை வரட்டும் அம்மா." அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் ஆணையைச் சொல்கிறார். அடுத்த ஏப்ரலிலும் அதே பதில். அதற்கும் அடுத்த ஆடி மாதம் ஒரு ஆட்டோவில் நான்கு அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. ஆட்டோ வாடகை என் தலையில். எண்ணினேன். 212. எனக்கு முன்பே தந்தது 50. மீதி 38 விற்றிருக்க வேண்டும். 35 ரூபாய் வீதம் 1,330. அந்தத் தொகை இன்னும் வரவில்லை. 212 பிரதியும் பரணில், பொங்கல் பானைக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

காசு கொடுத்துப் பதிப்பிப்பதே கேவலம் என்று நான் சொல்ல வரவில்லை. உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது புத்தகத்தை வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் வாங்கித்தான் பணம் திரட்டினார். பாரதி 1920இல் தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி போடப்போவதாகச் சொல்லி, கடன் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். அது நடக்கவில்லை, மறு ஆண்டு அவர் இல்லை. எழுதுகிறவன் பணம் தேடி அலைவது இந்த மொழியில் புதிதல்ல. பணத்தை வாங்கிக்கொண்டு, படிக்காமல் அச்சடிப்பதுதான் புதிது.

அந்தப் பதிப்பகத்தை மட்டும் திட்டினால் நியாயமாகாது. அவரை அவசரப்படுத்தியது ஜனவரி. என்னை அவசரப்படுத்தியதும் அதுதான். கண்காட்சி 1977இல் அண்ணா சாலை மதரஸா பள்ளியில் தொடங்கியது. இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில், 10 விழுக்காடு தள்ளுபடியோடு, பொங்கலை ஒட்டிப் பெருந்திருவிழா. வாசகனாகப் போக அதைவிட நல்ல இடம் இல்லை. நானும் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போகிறவள்தான். ஆனால் நவம்பரிலும் டிசம்பரிலும் ஊரிலுள்ள பதிப்பகங்களெல்லாம் ஒரே நேரத்தில் பிள்ளை பெற ஓடுகின்றன. அந்த நெரிசலில் புதியவரின் நாவலை நிதானமாகப் படிக்க யாருக்கு முடியும்? இத்தனைக்கும் கண்காட்சியே தன் ஜனவரியைத் தவறவிட்டிருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அது தீவுத்திடலில் ஜூனில் நடந்தது. கொரோனாவால் 2021இல் பிப்ரவரி கடைசியில்தான் தொடங்கியது. எந்தப் புத்தகமும் அதனால் செத்துப்போகவில்லை.

நாவலுக்கு முதல் வாசகர் என்று ஒருவர் முன்பெல்லாம் தானாகவே அமைந்தார். ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் விவேக சிந்தாமணி இதழில் தொடராக வந்த பிறகுதான் புத்தகமானது. அதன் பின்னால் நூறு ஆண்டுகள் தமிழ் நாவல் பெரும்பாலும் பத்திரிகை வழியாகவே வளர்ந்தது. தொடர்கதையின் கேடுகள் எனக்கும் தெரியும்: வாரம் ஒரு திருப்பம், வியாழக்கிழமைக்குள் அடுத்த அத்தியாயம். ஆனாலும் ஆசிரியர் குழுவில் ஒருவர் படித்தார், வெட்டினார். மூன்றாம் வாரமே வாசகர் கடிதம் வந்தது. இன்று கணினியிலிருந்து நேராக அச்சு. நடுவில் ஒரு மனிதக் கண்ணும் இல்லை.

என் நாவலுக்கு அப்படி ஒரு கண் கிடைத்தது, ஆனால் புத்தகம் வந்த பிறகு. திருவல்லிக்கேணியில் மெய்ப்புத் திருத்தும் பெரியவர் ஒருவர். 40 ஆண்டுகளாக அதுதான் தொழில். அந்த 27 பிழைகளையும் எப்படிச் சரிசெய்வது என்று கேட்கத்தான் போனேன். புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பத்து நாள் கழித்து வரச் சொன்னார். போனபோது பிழைகளைப் பற்றிப் பேசவே இல்லை.

"அம்மா, அந்தப் பெண் தினமும் சாயங்காலம் ஷெட்டிலிருந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறாள், இல்லையா?"

"ஆமாம் ஐயா."

"பக்கத்து சீட்டில் ஒருவர்கூட மூக்கைப் பொத்தவில்லையே."

அவ்வளவுதான் சொன்னார். டீ வரவழைத்தார். எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. சுண்ணாம்புத் தொட்டியைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தேன். ஆவாரம்பட்டை, மயிர் நீக்கிய தோல், வெந்து வெளுத்துப்போன விரல்நுனி எல்லாம் எழுதியிருந்தேன். அந்த நாற்றம் ஷெட்டின் வாசலைத் தாண்டி அவளோடு வீட்டுக்கு வரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இத்தனைக்கும் என் அத்தை அங்கே பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். தாம்பரம் சானடோரியம் பகுதியில் குடியிருக்கிறார், என் வீட்டிலிருந்து அரை மணி நேரம். நாவல் எழுதிய நான்கு ஆண்டுகளில் அவரிடம் உட்கார்ந்து கேட்டதில்லை. எல்லாம் எனக்கே தெரியும் என்ற எண்ணம். கடைசி ஆண்டு போகலாம் என்று நினைத்தேன், ஜனவரி குறுக்கே வந்துவிட்டது. பெரியவர் கேட்டதற்கு அடுத்த ஞாயிறு போனேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். ஷெட்டுப் பெண்கள் பஸ்ஸில் கடைசி சீட்டில்தான் உட்காருவார்களாம். யாரும் சொல்லாமலே அப்படி ஆகிவிட்டதாம். நடத்துநர் ஒருவர் மீதிச் சில்லறையைக் கையில் தர மாட்டாராம். சீட்டின் மேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாராம். பஸ் குலுங்கும்போது காசு உருண்டு ஓடும். "குனிந்து பொறுக்குவதற்குள் குரோம்பேட்டை வந்துவிடும்" என்று சொல்லிச் சிரித்தார்.

304 பக்கத்தில் இல்லாத நாவல் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது. நான் நட்டம் என்றது இதைத்தான்.

அதனால் போரூர், பெரம்பூர், ஊர் தெரியாத தம்பி: கோப்பை மூன்று மாதம் மூடி வையுங்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியம் கெட்டிருக்கிறது. உங்களைப் பிடிக்காத, ஆனால் படிக்கிற பழக்கமுள்ள ஒருவரிடம் கொடுங்கள். நண்பர்கள் 'அருமை' என்பார்கள், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஓர் அத்தியாயம் தனியாக நிற்குமென்றால் சிற்றிதழுக்கு அனுப்பிப் பாருங்கள், ஆறு மாதம் பதில் வராது, பரவாயில்லை. அச்சு கிடைக்கவில்லை என்றால் கிண்டிலில் 2016 இறுதியிலிருந்து தமிழ் உண்டு, செலவில்லாமல் ஏற்றலாம். அதில் எழுத்தின் கால் உடைந்தால் மறுநாளே ஒட்டவும் முடியும்.

பதிப்பகம் சரி என்றால் எழுத்தில் வாங்குங்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19, எழுத்தில் கையெழுத்து இல்லாமல் உரிமை கைமாறாது என்கிறது. எத்தனை ஆண்டு என்று குறிக்காத ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். காலம், பிரதி எண்ணிக்கை, ராயல்டி, கணக்குத் தரும் மாதம், மின்நூல் உரிமை யாருக்கு, மெய்ப்புக்கு எத்தனை நாள்: இவ்வளவும் ஒரு தாளில் அடங்கும். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் நாவலைக் கொடுக்காதீர்கள். நூலக ஆணையைக் காட்டி ஆசை காட்டினாலும் நம்பாதீர்கள். அது வரும்போது வரும், அதைக் கணக்கில் வரவாக எழுதக் கூடாது.

என் விஷயத்தில் ஒப்பந்தமே இல்லாமல் போனதில் ஒரு நன்மை: உரிமை முழுக்க என்னிடமே இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக அதே நாவலைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். சுண்ணாம்புத் தொட்டியின் நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமாகிவிட்டது. கௌரி இப்போது கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

அத்தைக்குக் கண் புரை. ஞாயிற்றுக்கிழமை போகும்போதெல்லாம் எழுதியவரை நான்தான் படித்துக் காட்டுகிறேன். போன வாரமும் கேட்டார், "என்னடி, உன் பஸ் எங்கே வந்திருக்கிறது?"

"இன்னும் குரோம்பேட்டை தாண்டவில்லை அத்தை" என்றேன்.

"மெதுவாக வரட்டும். காசு இன்னும் சீட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது" என்றார்.