பையிலேயே இருந்த ஆறு புத்தகங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் துடைத்தேன். ஜனவரியில் சென்னை நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கியதில் ஆறு புத்தகம் இன்னும் பையிலேயே கிடக்கிறது, பில்லோடு. யாரோ போட்ட 'கட்டாயம் வாசிக்க வேண்டியவை' பட்டியலைப் போனில் வைத்துக்கொண்டு ஸ்டால் ஸ்டாலாகத் தேடி வாங்கியவை. அங்கே நின்று ஒன்றில்கூட ஒரு பக்கம் படித்துப் பார்க்கவில்லை.

புத்தகக் காட்சியைக் குறை சொல்லவில்லை. 1977-லிருந்து நடக்கிறது, அடுத்த வருஷமும் போவேன். ஆனால் பட்டியலை நம்பி இனி வாங்க மாட்டேன். அதைப் போட்டவருக்கு அவர் வயசு, அவர் பட்ட பாடு, முன்பு படித்தது எல்லாம் சேர்ந்து அந்தப் புத்தகம் பெரிதாகத் தெரிந்திருக்கும். எனக்கானதா என்பது நானே முப்பது பக்கம் படித்தால்தான் தெரியும்.

அந்த முப்பது பக்கத்துக்குத்தான் கிளை நூலகம் இருக்கிறது. சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் நம் மாநிலத்தில்தான் வந்தது, 1948-ல். சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் கட்டுகிறோம். கட்டிவிட்டு, அந்தப் பக்கமே போகாமல் இருக்கிறோமே என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

எங்கள் கிளை நூலகம் ஒரு ஹால், ஒரு சின்ன அறை, அவ்வளவுதான். அங்கே நான் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்ப்பதில்லை, அதை எல்லோருமே பார்த்துப் பார்த்து எழுதியிருப்பார்கள். நடுவில் பிரித்து, நின்றபடியே இரண்டு பக்கம் படிப்பேன். எழுதியவர் அந்த விஷயத்தோடு வாழ்ந்தவரா, கேள்விப்பட்டு எழுதியவரா என்று அதிலேயே தெரிந்துவிடும். இந்த மாதம் அப்படிக் கையில் வந்தது கைத்தறி பற்றிய ஒரு பழைய புத்தகம். முதுகில் காக்கி பைண்டு. பின்னட்டைக்குள் ஒட்டிய தேதிச் சீட்டில் நான்கே முத்திரை, கடைசியாக விழுந்தது 2011-ல். பிரித்த பக்கத்தில் மழைக்காலம்: தெருவில் பாவு நூலை விரிக்க முடியாது, நூலுக்குப் போட்ட கஞ்சி காயாது, அந்த வாரம் கூலி கிடையாது. எட்டுப் பக்கம் படித்த பிறகுதான் கால் வலித்தது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது. இத்தனை வருஷம் அலமாரியில் நின்ற அந்தப் புத்தகத்துக்கு நான் வாசகியானேன்.

இன்னொன்று. எனக்கு இரண்டு வருஷம் வாசிப்பே நின்றுபோயிருந்தது. போன்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். இல்லை, எல்லோரும் கொண்டாடிய ஒரு தடி நாவலின் 112-ஆம் பக்கத்தில் நின்றது. அதை முடிக்காமல் வேறு எடுக்கக் கூடாது என்று ஒரு பிடிவாதம். காலேஜ் படிக்கும் தம்பி மகளுக்கும் இதே சிக்கல்.

"பிடிக்கலைன்னா வெச்சிடு கண்ணு, வேற எடு" என்றேன்.

"பாதியில விட்டா தப்பில்லையா அத்தை?"

தப்பே இல்லை. இப்போது அவள் வாரம் ஒரு புத்தகம் படிக்கிறாள். நான் ராத்திரி உலை வைத்துவிட்டு, சோறு வேகும்வரை படிக்கிறேன், போன் வேறு அறையில்.

அந்த ஆறு புத்தகங்களையும் நேற்று நடுவில் பிரித்துப் பார்த்தேன். இரண்டு தலைமாட்டுக்கு வந்துவிட்டன. மிச்ச நான்கை நூலகத்துக்குக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா என்று நூலகரிடம் கேட்கவேண்டும். வெள்ளிக்கிழமை விடுமுறை. வியாழன் சாயங்காலமே போய்விடுகிறேன், கைத்தறிப் புத்தகத்துக்கும் அன்றுதான் கெடு.