நீ நிற்கிறாயே, அதுதான் வழி

முரளி: வழி எங்கே அண்ணி?

அண்ணி: நீ நிற்கிறாயே, அதுதான்.

முரளி: நான் ஒரு புதருக்குள் நிற்கிறேன்.

அண்ணி: புதர் வழிக்குள் நிற்கிறது. அது உனக்கு முன்னாலேயே வந்தது. கொஞ்சம் மரியாதையாகத் தள்ளிவிட்டுப் போ.

முரளி: போனில் பாருங்கள், நீலக் கோடு எவ்வளவு தெளிவாக இருக்கிறது! நாம்தான் கோட்டை விட்டுத் தள்ளி நிற்கிறோம்.

அண்ணி: கோடு எங்கே போகிறது?

முரளி: அதோ, அந்தப் பாறைச் சுவருக்கு மேலே.

அண்ணி: சரி, நீ அதில் போ. நான் ஓடையை ஒட்டியே வருகிறேன். மேலே போய்ச் சேர்ந்ததும் கையை ஆட்டு.

முரளி: செயற்கைக்கோள் பொய் சொல்லுமா அண்ணி?

அண்ணி: சொல்லாது. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் சுவர். உன் போனுக்கு வானமே ஒரு கீற்றுதான் தெரிகிறது. வருகிற சிக்னலும் பாறையில் மோதிவிட்டுத்தான் வருகிறது. அது பாவம், குத்துமதிப்பாக ஏதோ சொல்கிறது. நீ அதைச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொள்கிறாய்.

முரளி: எட்டு மைல்தானே, மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று போட்டிருந்ததே.

அண்ணி: நேஸ்மித் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர் 1892-லேயே கணக்குச் சொல்லிவிட்டார். மணிக்கு 3 மைல். அதற்கு மேல், ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

முரளி: அப்படிப் பார்த்தால் நாம் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்!

அண்ணி: அந்தக் கணக்கில் புதருக்கு இடம் இல்லை. உனக்கும் இடம் இல்லை. பத்தடிக்கு ஒரு தடவை நின்று போனைப் பார்க்கிறவனுக்கு எவ்வளவு கூட்டுவது என்று அவர் எழுதி வைக்கவில்லை.

முரளி: லாஸ் பாத்ரெஸ் என்றால் கலிஃபோர்னியாவிலேயே பெயர் பெற்ற காடு. அதை இப்படியா போட்டு வைப்பார்கள்?

அண்ணி: 2007-இல் இந்தப் பக்கம் ஸாக்கா என்கிற காட்டுத்தீ வந்தது. எங்கேயோ தண்ணீர்க் குழாய் ரிப்பேர் செய்தபோது தெறித்த பொறி. ஏறக்குறைய 2,40,000 ஏக்கர் போயிற்று.

முரளி: எரிந்தால் இடம் காலியாகத்தானே ஆகும்? இங்கே நுழையவே முடியவில்லையே.

அண்ணி: இங்கே சில செடிகளின் விதை தீயின் சூடு பட்டால்தான் முளைக்கும். சாமிஸ் என்று ஒரு புதர், மேலே கரிந்து போனாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். நீ இப்போது தோளில் மாட்டிக்கொண்டு இழுக்கிறாயே, அது சாமிஸ்தான். அதை விடு, பை கிழிகிறது.

முரளி: (முகத்தைத் துடைத்தபடி) அப்பாடா, என்ன வியர்வை.

அண்ணி: எதால் துடைத்தாய்?

முரளி: இலைதான். மூன்று மூன்றாக இருந்தது. பளபளவென்று, ஓரத்தில் சிவப்பு ஏறி, பார்க்கவே அழகாக...

அண்ணி: பாய்சன் ஓக். தொட்டால் அரிக்கிற செடி.

முரளி: ஒன்றும் அரிக்கவில்லையே?

அண்ணி: இன்றைக்கு அரிக்காது. அந்த இலையின் எண்ணெய்க்கு அவசரமே கிடையாது. நாளைக்கோ நாளன்றைக்கோ, நீ மீட்டிங்கில் உட்கார்ந்து வாயைத் திறக்கிற நேரமாகப் பார்த்து வரும். பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடையை விட்டுத் தள்ளிப் போய், சோப்புப் போட்டுக் கழுவு. சோப்பு இருக்கிறதா?

முரளி: இருக்கிறது. ஷாம்பூகூட இருக்கிறது. கேம்பில் குளிக்கக் கொண்டுவந்தேன்.

அண்ணி: எதில் குளிக்க?

முரளி: ஷவரில்.

(சிறிது நேரம் ஓடைச் சத்தம் மட்டும். அண்ணி இந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு எத்தனை வருடமாயிற்று என்று எண்ணிப் பார்க்கிறார்.)

அண்ணி: முரளி, கேம்பில் என்னென்ன இருக்கும் என்று நினைத்து வருகிறாய்?

முரளி: பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லை அண்ணி. ஷவர், டாய்லெட், சின்னதாக ஓர் ஆபீஸ், சார்ஜ் போட ஒரு ப்ளக் பாயின்ட். மேப்பில் கூடாரப் படம் போட்டிருந்ததே.

அண்ணி: கூடாரப் படம்தானே போட்டிருந்தது? ஷவர் படம் போட்டிருந்ததா?

முரளி: அப்போது டாய்லெட்?

அண்ணி: உன் பையில் ஓர் ஆரஞ்சுக் கரண்டி வைத்தேனே.

முரளி: அது... அதில்தானே மத்தியானம் நூடுல்ஸ் கிளறினேன்?

அண்ணி: பார்த்தேன். புதுசு என்பதால் சும்மா இருந்துவிட்டேன். அது மண் தோண்ட. 6 முதல் 8 அங்குல ஆழம் தோண்ட வேண்டும். தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி.

முரளி: இந்த இடத்தில் ஓடையிலிருந்து 200 அடி தள்ளினால் நான் பாறைச் சுவரில் தொங்க வேண்டும்.

அண்ணி: அங்கேதானே உன் நீலக் கோடும் போகிறது? இரண்டு வேலையும் ஒரே நடையில் முடியும்.

முரளி: (வானத்தைப் பார்த்து) அண்ணி, அங்கே சுற்றுகிறதே, காண்டோர் என்கிற பெரிய கழுகா?

அண்ணி: இறக்கையில் நம்பர் ஒட்டியிருக்கிறதா?

முரளி: பறவைக்கு எதற்கு நம்பர்?

அண்ணி: 1982-இல் உலகத்திலேயே 22தான் மிஞ்சியிருந்தன. பிடித்து வளர்த்துப் பெருக்கி, இறக்கையில் நம்பர் மாட்டித் திரும்ப விட்டார்கள். இது ஆடி ஆடிப் பறக்கிறது, நம்பரும் இல்லை. சாதாரணப் பிணந்தின்னிக் கழுகு.

முரளி: நம்மையே சுற்றுகிறது.

அண்ணி: உன்னைச் சுற்றுகிறது. நட, நடக்கிற வரைக்கும் ஒன்றும் செய்யாது.

முரளி: நடக்கத்தான் பார்க்கிறேன். வழி எங்கே அண்ணி?

அண்ணி: நீ நிற்கிறாயே...

முரளி: சரி சரி.

(அரை மைல் கழிகிறது. நேஸ்மித் கணக்கில் பத்து நிமிடம். இவர்கள் கணக்கில் பொழுது சாய்ந்துவிட்டது.)

முரளி: கேம்ப் எங்கே அண்ணி?

அண்ணி: நீ நிற்கிறாயே, அதுதான்.

முரளி: இங்கே ஓர் இரும்பு வளையமும் காலொடிந்த மேஜையும்தான் இருக்கின்றன!

அண்ணி: மேஜை வேறு இருக்கிறதா? வசதிதான்.

முரளி: வளையத்தில் தீயாவது மூட்டலாமா?

அண்ணி: தீத்தடை போட்டிருக்கிறார்கள். நம் கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கவே பெர்மிட் எடுத்து வந்திருக்கிறேன். தொலைவில் ஒருவன் குழாய் ரிப்பேர் செய்ததற்கே கணக்குச் சொன்னேனே, மறந்துவிட்டாயா?

(முரளி கல்லில் உட்கார்ந்து போனை எடுக்கிறான்.)

அண்ணி: சிக்னல் இல்லாத இடத்தில் என்ன தட்டுகிறாய்?

முரளி: விமர்சனம் எழுதி வைக்கிறேன். சிக்னல் வந்ததும் போட்டுவிடலாம். "பாதை முழுக்கப் புதர். பராமரிப்பே இல்லை. யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. ஒரு நட்சத்திரம்."

அண்ணி: எட்டு மைலுக்கு ஒரு நட்சத்திரமா? ராத்திரி தலைக்கு மேலே பார், கூடக் கொஞ்சம் கிடைக்கும்.

முரளி: சிரிக்காதீர்கள். பெட்ரோல் ரம்பத்தை எடுத்துக்கொண்டு நாலு பேர் வந்தால் ஒரே நாளில் சுத்தம் செய்துவிடலாம். ஏன் செய்வதில்லை?

அண்ணி: 1964-இல் ஒரு சட்டம் வந்தது. மனிதன் அதிகம் கை வைக்காத காடுகளைத் தனியாகக் குறித்து, பொதுவாக அங்கே மோட்டார் வைத்த எதுவும் கூடாது என்று வைத்தார்கள். இந்த சான் ரஃபேல் பகுதி 1968-லேயே அந்தப் பட்டியலுக்குள் வந்துவிட்டது. அதனால் பெட்ரோல் ரம்பம் கிடையாது. விழுந்த மரத்தைக் கை ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும். இரண்டு பக்கமும் பிடி வைத்த நீள ரம்பம், ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்க வேண்டும். ரம்பத்தையும் முதுகில் சுமந்துகொண்டு இதே வழியாகத்தான் வர வேண்டும்.

முரளி: அதற்குச் சம்பள ஆள் இல்லையா?

அண்ணி: இருக்கிறார்கள், இவ்வளவு பெரிய காட்டுக்குக் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுக்கு. மீதியைச் சும்மா வருகிறவர்கள்தான் செய்கிறார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார், முட்டி வலிக்காரர், இந்த மாதிரி. வழி மோசம் என்று போனில் எழுதுகிற கூட்டத்தில் பத்தில் ஒருவன் வந்து ஒரு நாள் ரம்பம் பிடித்தால் போதும், நீ இன்றைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டே இங்கே வந்திருக்கலாம். எழுதுகிற விரலுக்கு ஒரு குறையும் இல்லை. கைதான் வர மாட்டேன் என்கிறது.

முரளி: கோபப்படாதீர்கள் அண்ணி. இரண்டு நட்சத்திரமாக மாற்றிவிடுகிறேன்.

அண்ணி: வருகிற சனிக்கிழமை ரம்பத்துக்கு ஒரு பக்கம் ஆள் குறைகிறது. வருகிறாயா?

முரளி: சனிக்கிழமையா? அடடா, அன்றைக்கு நண்பர்களோடு மேற்குப் பக்கத்து ஓடைவழியில் நடக்கப் போகிறேனே. அங்கே வழி அவ்வளவு சுத்தமாம். புதரே இல்லையாம். நாலே முக்கால் நட்சத்திரம்!

அண்ணி: தெரியும். போன மாதம் நாங்கள் வெட்டியது.