பிறபொருளெதிரி மட்டும் போதாது

தோட்ட லயத்தில் பிடிபட்ட எலியின் குருதியில், எலிகள் பரப்பும் ஹன்டா வைரஸுக்கான பிறபொருளெதிரி (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) இருந்ததால் அந்த எலி இப்போது வைரஸைப் பரப்புகிறது என்று ஒரு கட்டுரை முடிவுகட்டுகிறது. சந்தேகம் நியாயமானது, ஹன்டா எலியின் உடலில் நீண்டகாலம் தங்கும். ஆனால் இளங்குட்டியில் அந்தப் பிறபொருளெதிரி தாயிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம். எலி குட்டியா வளர்ந்ததா என்று காட்டும் எடையைக் குறிக்காவிட்டால் பிரித்தறிவது கடினம். உறுதிசெய்ய எலியின் நுரையீரல் துண்டில், வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனை வேண்டும், துண்டை −80 பாகை செல்சியஸ் போன்ற கடுங்குளிரில் வைக்காவிட்டால் ஆர்என்ஏ சிதைந்து, வைரஸ் இருந்தாலும் 'இல்லை' என்று முடிவு வரக்கூடும்.

நுவரெலியாக் குளிரில் எலி பிடிக்கும்போது பொறிக்குள் பஞ்சு போடுங்கள், விடிந்ததும் எடுங்கள். விறைத்துச் செத்த எலியின் சீரம் (குருதியின் தெளிந்த நீர்) சிவந்துவிடலாம், பிறபொருளெதிரியைத் தேடும் எலைசா சோதனைக்கு உதவாது.

காம்பறாவில் எலிப்புழுக்கையை உலர்வாகக் கூட்டவே கூடாது, தூசியோடு வைரஸ் மூச்சில் ஏறும். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, ஐந்து நிமிடமாவது ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தெடுங்கள்.